கரிசல், தேரி, அருகம்புல்: மூன்று மண்ணில் மூன்று 56 டிகிரி வெட்ஜ்கள்

நெல்லைச் சீமையில் கோல்ஃப் மட்டை பிடிக்கிறவர்கள் சிறு கூட்டம்தான். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த காலத்தில் பழகிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், ஆண்டுக்கு ஓரிரு முறை மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மைதானத்துக்குப் போய் வருகிறவர்கள், மற்ற நாட்களில் உறவினர் தோட்டத்திலோ அறுவடை முடிந்த புஞ்சையிலோ பந்தடித்துப் பழகுகிறவர்கள் என்று எங்களை எண்ணிவிடலாம். இவர்களில் புதிதாக வெட்ஜ் (பந்தைக் குறைந்த தொலைவுக்கு உயரத் தூக்கி அடிக்கும் மட்டை) வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "56 வாங்கட்டுமா, 60 வாங்கட்டுமா அண்ணாச்சி?" மட்டை முகத்தின் சாய்வைக் குறிக்கும் லாஃப்ட் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிதாகப் பொறித்திருக்கும் இன்னொரு எண்ணை, அதாவது பவுன்ஸை, முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரைப் போலப் பத்துக் கல் தொலைவுக்குள் மண் மாறிவிடும் இடத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பவுன்ஸ் என்பது மட்டையின் முன்விளிம்புக்கும் அதன் அடிப்பாகத்தின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் இடையில் தரையை ஒட்டி அமையும் கோணம். வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. முன்விளிம்பு ஏரின் கொழுவைப் போல மண்ணுக்குள் இறங்கப் பார்க்கும். தாழ்ந்த அடிப்பாகம் பரம்புப் பலகையைப் போல மண்ணின் மேல் வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும். பவுன்ஸ் 4 முதல் 8 வரை இருந்தால் கொழுவின் குணம் மிகும். 12க்கு மேல் போனால் பரம்பின் குணம் மிகும். இதைச் சாண்ட் வெட்ஜ் என்ற தனி மட்டையாக உலகுக்குக் காட்டியவர் ஜீன் சரசன். நிப்லிக் எனப்படும் பழைய மட்டையின் அடியில் ஈயப்பற்று வைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு செய்து, அதைக் கொண்டு 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டத்தை வென்றார். இன்று கடையில் கிடைக்கும் எல்லா வெட்ஜ்களின் அடிப்பாகமும் அந்த ஈயப்பற்றின் வழிவந்ததே.

ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொண்டவை மூன்று மட்டைகள். மூன்றும் 56 டிகிரி. முதலாவது பவுன்ஸ் 8 கொண்டது; குதிப்பக்கமும் நுனிப்பக்கமும் இழைத்துக் குறைக்கப்பட்ட, பிறைபோன்ற அடிப்பாகம் உடையது. வோக்கி என்ற வெட்ஜ் வரிசையில் எம் என்ற எழுத்தால் குறிக்கப்படும் கிரைண்ட், அதாவது அடிப்பாகத்தை இழைத்திருக்கும் விதம், இந்த இனத்தைச் சேர்ந்தது. இரண்டாவது பவுன்ஸ் 14 கொண்டது. எங்கும் இழைக்காத முழு அடிப்பாகம். அதே வரிசையில் எஃப் என்று குறிப்பார்கள். மூன்றாவது முதுகில் குழிவுள்ள, அகன்ற அடிப்பாகம் கொண்ட மட்டை, பவுன்ஸ் 12. கிளீவ்லாண்ட் நிறுவனத்தின் சிபிஎக்ஸ் போன்றவை இந்த வகை. நடுவில் அடிக்காவிட்டாலும் தலை அதிகம் திருகாது என்பது இந்த வகையின் வாக்குறுதி.

சோதனைக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளியது. ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்துகள் அடிப்பது. மூன்று மட்டைகளையும் மாற்றி மாற்றி எடுப்பது. கைச்சோர்வு ஒரு மட்டையின் தலையில் மட்டும் விழக்கூடாது. பந்து எல்லாவற்றுக்கும் ஒன்றே. யூரிதேன் என்ற மென்மையான மேலுறை கொண்டது. கெட்டியான மேலுறைப் பந்து வெட்ஜில் குறைவாகவே சுழலும், ஆகையால் பந்தைக் கலந்து அடித்தால் மட்டையைச் சோதிக்கிறோமா, பந்தைச் சோதிக்கிறோமா என்றே தெரியாமல் போய்விடும். கடினத் தரையில் நீறிய சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் பந்தை வைத்து அடித்தேன். அடித்த பிறகு மட்டையைத் திருப்பினால் அடிப்பாகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் இடம், மட்டை எந்தப் பகுதியால் தரையைத் தொட்டது என்பதைக் காட்டிவிடும். எந்த இயந்திரமும் இல்லாமல் பவுன்ஸைக் கண்ணால் காண இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு முற்றத்தில் தேங்காய்நார் மிதியடி விரித்து அதன் மேலிருந்து அடித்து மட்டையைத் தேர்வு செய்யாதீர்கள். மிதியடியில் மட்டை பந்துக்குப் பின்னால் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு பந்தைப் போய்ச் சேர்ந்துவிடும். எல்லா மட்டையும் நல்ல மட்டையாகத் தோன்றும். கடைகளில் செயற்கைப் புல் விரிப்பில் அடித்துப் பார்ப்பதிலும் இதே குறை உண்டு.

முதல் களம் கயத்தாற்றுப் பக்கத்துக் கரிசல் புஞ்சை, காலம் பங்குனி. உளுந்து பிடுங்கிய பிறகு வெடித்துக் கிடந்த தரை, வெடிப்புகளுக்கு நடுவில் சுட்ட ஓடு போல இறுகியிருந்தது. இங்கே 14 பவுன்ஸ் மட்டை என்னை வருத்தியது. சுண்ணாம்பு அடிப்பாகத்தின் நடுவில் ஒரு பட்டையாக ஒட்டியிருந்தது; அதாவது பரம்பு முதலில் தரையில் மோதி, முன்விளிம்பு மேலே எழும்பிய பிறகே பந்தைச் சந்தித்திருக்கிறது. கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், அதன் இடுப்பு தரையிலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. முன்விளிம்பு ஒரு விரற்கடை எழும்பினாலே பந்தின் வயிற்றில் பட்டு, பந்து உயராமல் தரையோடு சீறிப் போய்விடுகிறது. பத்தில் பாதிக்கு மேல் எனக்கு அப்படித்தான் போயிற்று. 8 பவுன்ஸ் மட்டையில் சுண்ணாம்பு முன்விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாக நின்றது. பந்தும் சுத்தமாக எழுந்தது. அகன்ற அடி மட்டை முகத்தை நேராக வைத்து அடிக்கும்வரை சமாளித்தது. முகத்தைத் திறந்ததும், அதாவது வானம் பார்க்கத் திருப்பியதும், 14ஐவிட மோசமாகத் துள்ளியது.

கைகளை முன்னே தள்ளி, தண்டைச் சாய்த்து அடித்தால் 14ஐயும் கடினத் தரையில் அடிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அடிக்கலாம். ஆனால் தண்டை 5 டிகிரி முன்னே சாய்த்தால் பவுன்ஸ் 14இலிருந்து 9 ஆகக் குறையும்போதே லாஃப்டும் 56இலிருந்து 51 ஆகிவிடுகிறது. பந்து தாழ்வாகப் போய் நீளமாக உருளும். அதற்காகவென்றால் 52 டிகிரி மட்டையையே எடுத்திருக்கலாம்.

இதே கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு போய் அடித்தபோது தீர்ப்பு தலைகீழானது. ஈரக் கரிசல் களி போலப் பிசுபிசுக்கும். 8 பவுன்ஸ் மட்டை பந்துக்கு இரண்டு விரல் பின்னால் இறங்கினாலும் அங்கேயே நின்றுவிட்டது. ஓர் இட்லி அளவு மண்ணை முகத்தில் அப்பிக்கொண்டு வந்தது, பந்து முழங்கால் உயரம்கூட எழவில்லை. 14 பவுன்ஸ் மட்டை அதே பிழையை மன்னித்து, மண்ணைத் தடவிக்கொண்டு கடந்து போயிற்று. ஒரே நிலம், ஒரே ஆள், ஒரே வீச்சு. ஆறேழு மாத இடைவெளியில் நல்ல மட்டை கெட்ட மட்டையாகிறது. கொடைக்கானலின் மழை குடித்த மெத்தென்ற தரையில் 14 எனக்கு எப்போதும் கைகொடுப்பதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது களம் சாத்தான்குளம் பக்கத்துத் தேரி. இரும்பு ஆக்சைடு பூச்சினால் செந்நிறம் பெற்ற நுண்ணிய மணல். பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவில் நடந்தால் கணுக்கால்வரை கால் புதையும். நன்கு உழுது விடப்பட்ட ஆழமான பங்கர், அதாவது கோல்ஃப் மைதானத்து மணற்குழி, எப்படி இருக்குமோ, அதைவிடக் கடுமையான சோதனை இது. பங்கர் அடியில் மட்டை பந்தைத் தொடுவதில்லை. பந்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் பின்னால் மணலில் நுழைந்து, மணலையும் அதன் மேலிருக்கும் பந்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. 8 பவுன்ஸ் மட்டையை முகம் நேராக வைத்து அடித்தபோது கடலைச் செடி பிடுங்கிய இடம் போல ஆழமான குழி விழுந்தது. பந்து ஒரு முழம் நகர்ந்து நின்றது. 14 பவுன்ஸ் மட்டை விட்டுச் சென்ற தடம் ஆழமில்லாமல், ஒரு சாண் நீளத்துக்கு வழித்தெடுத்தது போல இருந்தது. பந்து மெத்தென்று எழுந்து விழுந்தது.

பந்து பொறுக்கித் தந்த தோட்டத்துக் காவலர் கோல்ஃப் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கம்பு மண்ணுக்குள்ள போவுது, அந்தக் கம்பு மண்ணு மேல வழுக்குது" என்றார். பவுன்ஸைப் பற்றி நான் எழுதியிருக்கும் அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

8 பவுன்ஸ் மட்டையின் முகத்தை நன்றாகத் திறந்து வைத்தால் அடிப்பாகத்தின் பின்பகுதி கீழே வந்து பவுன்ஸ் கூடுகிறது என்பதும், அப்படி அடித்தபோது தேரியிலும் அது வேலை செய்தது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திறந்து, நிற்கும் நிலையை மாற்றி, வேகம் குறையாமல் வீச வேண்டும். வாரம் ஒருமுறை மட்டை தொடுகிறவருக்கு இது கடினம். தேரியில் மிக எளிதாக இருந்தது அகன்ற அடி மட்டையே. எதையும் திறக்க வேண்டியதில்லை, வீசினால் போதும். புதிதாகப் பழகுகிறவர், பங்கரைக் கண்டாலே கை நடுங்குகிறவர் என்றால் மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு இதை வாங்கச் சொல்லுவேன்.

"மணல் என்றாலே பவுன்ஸ் அதிகம் வேண்டும்" என்ற பொதுவான அறிவுரையை இங்கே திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையின் ஈரமான பருமணலில் அதே 14 மட்டையால் அடித்துப் பார்த்தேன். இறுகிப் படிந்த அந்த மணல் கரிசல் தரையைப் போலவே மட்டையைத் தூக்கி எறிந்தது. பந்து மணலுக்குள் புதைந்திருக்கிறதா, மணலின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்தின் பங்கரில் கால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பவுன்ஸை முடிவு செய்வது அதுதான்.

மூன்றாவது களம் அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் ஓரத்து அருகம்புல் திட்டு. பெர்முடா புல் என்று உலகமெங்கும் கோல்ஃப் மைதானங்களில் வளர்ப்பது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் இந்த அருகம்புல் இனத்தைத்தான். அதன் கலப்பின வகைகளே வெப்பநாட்டு கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில், பரவியிருக்கின்றன. பந்து புல்லின் மேல் தூக்கலாக நிற்பதால் மூன்று மட்டைகளுக்கும் இங்கே பெரிய வேறுபாடு இல்லை. கொடி படர்ந்த திசைக்கு எதிராக வீசும்போது மட்டும் 8 பவுன்ஸ் மட்டையின் முன்விளிம்பு கணுவில் சிக்கிக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு நண்பர் ஒருவரின் நான்காவது மட்டையை இரவல் வாங்கினேன்: 56 டிகிரி, பவுன்ஸ் 10, பின்விளிம்பு சற்றே இழைக்கப்பட்டது. எந்தக் களத்திலும் அது முதலிடம் பெறவில்லை. எந்தக் களத்திலும் என்னைக் கைவிடவும் இல்லை. காய்ந்த கரிசலில் 8க்கு அடுத்தபடி, தேரியில் 14க்கு அடுத்தபடி. ஒரே ஒரு வெட்ஜ் வாங்கப் பணம் வைத்திருக்கிறவர், மண் மாறி மாறி ஆடுகிறவர் என்றால் இதுதான் என் தேர்வு. மண்வெட்டியால் வெட்டுவது போலச் செங்குத்தாக இறங்கி, பெரிய மண்பட்டையைப் பெயர்க்கும் வீச்சுக்காரர் மட்டும் 12க்குக் கீழே வர வேண்டாம்.

லாஃப்ட் விஷயத்தை இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்றைய மட்டை செட்டுகளில் கூடவே வரும் பிட்சிங் வெட்ஜ் 44 அல்லது 45 டிகிரியாக இருப்பது சாதாரணம். அதிலிருந்து 56க்குத் தாவினால் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. ஆகவே இரண்டாவது மட்டை 50 அல்லது 51ஆக இருக்கட்டும், 60 அல்ல. விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் ஒவ்வோர் இடமும் மதிப்புள்ளது. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அம்மியையே பறக்கவிடும் காற்று. அதில் 60 டிகிரி மட்டையால் வானத்துக்கு ஏற்றிய பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் நான் 50 டிகிரி மட்டையால் தாழ்வாகத் தட்டி உருட்டுவதோடு சரி.

பழைய மட்டை வாங்குகிறவர்கள் முகத்து வரிப்பள்ளங்களை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்காமல் வழுக்கினால் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். "சில முறைதான் ஆடியது" என்று இணையத்தில் ஒருவர் விற்ற மட்டையைப் படத்தை மட்டும் நம்பி வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். மட்டை எந்த ஆண்டுத் தயாரிப்பு என்றும் கேளுங்கள். பள்ளத்தின் அளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்தும் விதி 2010இல் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய மட்டைகள் சில போட்டிக்கு ஆகாதவை.

முலாம் பூசாத முகமா, குரோம் முகமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. முலாம் இல்லாத முகம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யாது என்பது உண்மை. ஆனால் உவரிக் கடற்கரை வீட்டில் இரண்டு வாரம் துடைக்காமல் வைத்த அப்படியொரு மட்டை, திரும்ப எடுத்தபோது முகம் முழுவதும் செந்துரு ஏறிக் கிடந்தது. கடலோர ஊர்க்காரர்கள் அதை வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஈரம் போகத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் தடவி வைக்க வேண்டும். அடுத்த முறை ஆடுவதற்கு முன் முகத்திலிருக்கும் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பந்து சுழலாது.