செட்டிநாட்டு வீட்டுக்குள் நடந்து படமெடுக்க எந்த ஜிம்பல்?

கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளில் எல்லோருக்கும் ஆசை வருவது ஒரே ஷாட்டில்தான்: முகப்பில் கிளம்பி, வளவை (நடு முற்றத்தை) கடந்து, பின்கட்டு வரை வெட்டாமல் நடப்பது. வாசல்கள் நேர்கோட்டில் இருக்கின்றன, ஆசைப்படாமல் என்ன செய்வது! அதற்கு ஜிம்பல் வேண்டும், அதாவது கை ஆடினாலும் ஃபோனை மோட்டாரால் நிலையாகப் பிடிக்கும் கைப்பிடி. ஃபோனில் எடுப்பவருக்கு டிஜேஐ ஓஸ்மோ மொபைல் எஸ்இ போதும்.

அதைவிட மலிவாக 'ஜிம்பல்' என்று விற்பவற்றில் பல, ஒற்றை மோட்டார் வைத்த செல்ஃபி ஸ்டிக். பக்கவாட்டுச் சாய்வை மட்டும் சரிசெய்யும். பெட்டியில் 3 ஆக்ஸிஸ் (மூன்று திசை அசைவையும் சரிசெய்வது) என்று இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

எஸ்இ தாங்குவது 170 முதல் 290 கிராம். ஃபோனின் தடிமன் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 221 கிராம் ஐஃபோன் 15 ப்ரோ மேக்ஸ் எடையில் தேறிவிடும், தடித்த உறையோடு, ஃபோனைக் கவ்வும் கிளாம்பில்தான் இடிக்கும். உறையையும் பின்னால் ஒட்டிய மோதிரத்தையும் கழற்றிவிட்டு, கிளாம்பை நடுவில் மாட்டுங்கள். பவர் போடும் முன்பே ஃபோன் ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் தொங்கினால் கிளாம்பைச் சற்று நகர்த்துங்கள். இல்லாவிட்டால் மோட்டார் இழுத்துப் பிடித்தே சூடேறும், படம் நடுங்கும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

எந்த ஜிம்பலும் கோணத்தைத்தான் காக்கும். காலடியின் ஏற்ற இறக்கம் அப்படியே படத்தில் விழும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். ஆத்தங்குடிக் கல்லில் சாக்ஸ் வழுக்கும், வெறுங்கால்தான் சரி. உயரமான நிலைப்படியைத் தாண்டும்போது குலுங்கத்தான் செய்யும். நிலைமரம் திரையை மறைக்கும் கணத்தில் வெட்டி, மறுபுறத்திலிருந்து அடுத்த ஷாட்டைத் தொடங்கினால் ஒட்டு தெரியாது.

ஜிம்பலைவிட வெளிச்சமே அதிகம் படுத்தும். பட்டாலைக் கூடத்தின் இருட்டில் ஃபோன் தானாக ஷட்டரை மெதுவாக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் மங்கும், ஃபோனின் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தை மென்பொருளால் குறைப்பது) அந்த மங்கலை நடுக்கமாக்கிக் காட்டும். நொடிக்கு 25 ஃபிரேமில் 1/50 நொடி ஷட்டரைப் பூட்டிவிடுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கும் மினுக்காது. ஆனால் உச்சி வெயிலில் அதே 1/50 வளவை வெளுக்கடித்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டினால் எடை மாறும், கிளாம்பை மறுபடி சரிபார்க்க வேண்டும். வெயில் இறங்கியபின் எடுப்பது செலவில்லாத வழி.

சிறாவயல் மஞ்சுவிரட்டு போல நின்ற இடத்திலிருந்து ஜூமில் எடுப்பதற்கு மோனோபாட்தான் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) சரி. சோனி இசட்வி-இ10 கேமரா வைத்திருப்பவர்கள் எஸ்இ பக்கமே போக வேண்டாம்: லென்ஸ் இல்லாமலே அது 343 கிராம். அவர்கள் பார்க்க வேண்டியது 2 கிலோ வரை தாங்கும் டிஜேஐயின் கேமரா ஜிம்பல் ஆர்எஸ் 3 மினி.