கார்வெட்டின் பின்பெட்டி மூடிகளுக்கு வாங்கிய கார்ப்பெட்

செவ்ரோலே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின், 1968 முதல் 1982 வரை வெளிவந்த மூன்றாம் தலைமுறையில், கடைசி ஆண்டின் சிறப்புப் பதிப்பு ஒன்றைத் தவிர, வெளியிலிருந்து திறக்கும் டிக்கி கிடையாது. எந்தச் சாமானானாலும் இருக்கையை முன்னுக்குச் சாய்த்து உள்வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதால், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சேமிப்புப் பெட்டிகளின் மூடிகள் ஓயாமல் உரசல் படுகின்றன. என்னுடைய 1974 மாடலில் முதலில் கெட்டது ஓட்டுநருக்குப் பின்னுள்ள மூடி. அதன் கீழேதான் பேட்டரி இருக்கிறது. அமில ஆவி பட்டுப் பட்டு அங்கே கார்ப்பெட் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது.

இந்த மூடிகளுக்கென்றே அளவாக வெட்டி விற்கப்படும் கார்ப்பெட் துண்டுகளை இணையத்தில் வாங்கினேன். நிறம் தரைக் கார்ப்பெட்டோடு அப்படியே ஒத்துப்போனது. நூல் வளையங்களும் நெருக்கமாக, விரலால் அழுத்தினால் உடனே நிமிர்ந்துகொள்ளும்படி இருந்தன. இந்த இரண்டிலும் எனக்கு முழு மனநிறைவு. குறை அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பழையதைவிட அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருப்பதால், விளிம்பை மடித்து ஒட்டியதும் மூடி சட்டத்தில் இறுகிக்கொண்டது. கீல் பக்கம் முழுதாகப் படியவே இல்லை. மடிப்பு விழும் இடத்தில் மட்டும் அடிப்பூச்சைக் கூரான கத்தியால் சீவி எடுத்த பிறகே மூடி சரியாக உட்கார்ந்தது. விற்பவர் இந்தத் தடிமனை முன்கூட்டியே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஒரு வரி போதும், எனக்கு ஒரு மாலை நேரம் மிஞ்சியிருக்கும்.

தொகுப்போடு வந்த ஸ்ப்ரே பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறச் சூட்டில் அது இளகி, இரண்டாவது வாரமே ஒரு மூலை எழும்பிவிட்டது. பழைய பசையை முழுவதும் சுரண்டி, வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை இரு பரப்புகளிலும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி உருளையால் அழுத்தி மீண்டும் ஒட்டினேன். இந்தப் பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது என்பதால், வைக்கும் கோட்டை முன்னதாகவே சாக்கட்டியால் குறித்துக்கொள்வது அவசியம். வளைய வரிசைகள் எல்லா மூடிகளிலும் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். திசை மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

பூட்டுக்கான துளையைத் துரப்பணத்தால் போட முயல வேண்டாம். வளையக் கார்ப்பெட்டில் அதன் முனை ஒரு நூலைப் பிடித்துவிட்டால் வரிசை முழுவதையும் உருவிக்கொண்டு வந்துவிடும். அடிப்பக்கத்திலிருந்து சிறு சிலுவைக் கீறல் போட்டு, அதன் வழியே பூட்டைச் செருகினேன். நூல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

துண்டுகளை மீண்டும் வாங்குவேன், ஆனால் பசையில்லாமல் தனியாக. பேட்டரி மூடியை ஒட்டுவதற்கு முன்பு, பேட்டரியின் ஆவியை வெளியேற்றும் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.