பெரிய எண்ணுக்கு பாரி ஜிபி: கொஞ்ச நாள் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

ஒரு எண்ண குடுத்தா காரணிகள் என்ன, எத்தனை வகுத்தி இருக்கு, பகா எண்ணா இல்லையான்னு புட்டு புட்டு வைக்கிற வெப்சைட் நிறைய இருக்கு, நானும் ரொம்ப நாள் அதுல ஒண்ணத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் 12345678987654321 போட்டேன், 2ஆலயும் வகுபடும் 5ஆலயும் வகுபடும்னு வந்துச்சு. 1ல முடியுற எண் எப்படிங்க 2ஆல வகுபடும்? நல்லா பாத்தா அது கணக்கு போட்டதே 12345678987654320க்கு. 2 அடுக்கு 53, அதாவது 9007199254740992 தாண்டிட்டா சாதாரண தசமப்புள்ளி நம்பரா (ஃப்ளோட்டிங் பாயிண்ட்) வெச்சு கணக்கு போடுற ஸ்கிரிப்ட்ல ஒற்றை எண்ணே நிக்காது, பக்கத்து இரட்டை எண்ணுக்கு தள்ளிடும். எர்ரர்கூட காட்டாது, அதான் எனக்கு பயங்கர கோவம்.

அப்புறம்தான் பாரி ஜிபிங்கிற (PARI/GP) கணக்கு சாஃப்ட்வேருக்கு வந்தேன். பிரான்ஸ்ல போர்டோ யுனிவர்சிட்டில ஆன்ரி கோஹன் டீம் 1985ல ஆரம்பிச்சது, இலவசம், இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே ஓட்டியும் பாக்கலாம். அதே எண்ணுக்கு ஃபேக்டர் கமாண்ட் குடுத்தேன், 3 அடுக்கு 4, 37 அடுக்கு 2, 333667 அடுக்கு 2ன்னு உடனே வந்துச்சு. அடுக்கு எல்லாமே இரட்டை, அப்போ முழு வர்க்கம், 111111111ஓட வர்க்கம்! ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டி பெருக்கினா வகுத்தி எண்ணிக்கை, 5 பெருக்கல் 3 பெருக்கல் 3, மொத்தம் 45. வகுத்திங்க ஜோடி ஜோடியா வரும், வர்க்கமூலம் மட்டும் தனக்குத்தானே ஜோடி, அதனாலதான் ஒற்றைப்படை. இத பாத்தப்போ அவ்ளோ சந்தோஷம்.

அடுத்து 2 அடுக்கு 67 கழித்தல் 1, அதாவது 147573952589676412927. 1644ல மெர்சென்ங்கிற கணித அறிஞர் இத பகா எண் லிஸ்ட்ல சேத்தாரு, 1876ல லூக்காங்கிற இன்னொரு கணித அறிஞர் இது பகா எண் இல்லன்னு நிரூபிச்சாரு ஆனா காரணி என்னன்னு தெரியல, 1903லதான் கோல்ங்கிற கணித பேராசிரியர் 193707721 பெருக்கல் 761838257287ன்னு கையால கண்டுபிடிச்சாரு. ஜிபில என்டர் தட்டி கைய எடுக்குறதுக்குள்ள வந்துடுச்சு, அந்த மனுஷனோட உழைப்ப நெனச்சு கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன்.

குறைன்னா, பட்டன் எதுவும் கிடையாது, எல்லாம் டைப் பண்ணனும், புதுசா வர்றவங்க முதல் நாள் முழிப்பாங்க. பெரிய கணக்கு போட்டா ஸ்டாக் (கணக்குக்கு ஒதுக்கின மெமரி) பத்தலன்னு நின்னுடும், மெமரி கூட்டி குடுத்தா ஓடும். ரெண்டு பெரிய பகா எண்ண பெருக்கி வர்ற 100 இலக்க எண்ண உடைக்க சொன்னா ரொம்ப நேரம் காத்திருக்கணும், அது சாஃப்ட்வேர் தப்பில்ல, அந்த வேலையே கஷ்டம்.

இன்னொண்ணு, ஃபேக்டர் காட்டுற ரொம்ப பெரிய காரணி பகா எண்தானான்னு நிரூபணம் வேணும்னா இஸ்பிரைம் (isprime) கமாண்ட தனியா போடுங்க, 2 அடுக்கு 64க்குள்ளன்னா அது தேவையே இல்ல. வேற எந்த டூல் யூஸ் பண்ணாலும் சரி, முதல்ல அந்த 12345678987654321அ போட்டு பாருங்க, 2ஆல வகுபடும்னு வந்தா அப்பவே மூடிடுங்க.