பிசிரைச் சுற்றி இருப்பது தண்ணீரா, தூரிகையா?
ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து காறித் துப்பினால் சளியில் தூசு தெரியும். அதை மேலே தள்ளிக்கொண்டு வந்தது மூச்சுக்குழாயின் உட்சுவரில் மயிர் மாதிரி நிற்கும் நுண்ணிய பிசிர்கள், செக்கனுக்குச் சுமார் 10 முதல் 15 தடவை அடித்து.

பிசிரின் உயரம் சுமார் 7 மைக்ரோமீற்றர்தான். சளி அதன் நுனிக்கு மேலே கிடக்கிறது. அப்போ சளிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில், பிசிர்களைச் சுற்றி இருக்கும் படையில் என்ன?

பழைய விளக்கம், வெறும் நீர். பிசிர் தடையில்லாமல் ஆடலாம், கரும்பலகையில் வரையவும் சுகம். ஆனால் வெறும் தண்ணீர் என்றால் மேலே இருக்கும் சளி ஏன் கீழே இறங்கிக் கலக்கவில்லை? அதற்கு அதனிடம் பதில் இல்லை.

2012இல் அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் சொன்னது தூரிகை விளக்கம்: பிசிர்களிலேயே வேரூன்றிய மியூசின் என்ற வழுவழுப்பான புரத மூலக்கூறுகள், தூரிகை மயிர் மாதிரி, இடைவெளி முழுக்க அடர்ந்து நிற்கின்றன. நம்ம மேட்டு மானாப்புல்லை நினைத்துப் பாருங்கள், மழைத்தண்ணீர் அடிவரைக்கும் இறங்கும், பிள்ளைகள் அடிக்கிற பந்து மேலேயே நிற்கும். அப்படித்தான் இங்கேயும், ஆய்வில் விட்டுப் பார்த்த 40 நனோமீற்றர் நுண்மணிகூட உள்ளே போகவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் சரி. சளி வற்றிக் கெட்டியாகும்போது தூரிகையிலிருந்தும் நீரை இழுக்கிறது, தூரிகை அமுங்கிப் பிசிரும் மடங்கிப்போகிறது, சளி நகராமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நாட்பட்ட நெஞ்சுச்சளிக்காரர்களின் நிலைமை இதுதான்.