பிரிக்பீல்ட்ஸ் சனிக்கிழமை சட்ட ஆலோசனை: உதவித்தொகை நின்றுபோனவர்கள் அவசியம் போங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 74. மாதாமாதம் பேங்கில் விழும் அரசாங்க முதியோர் உதவித்தொகை ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை, நல அலுவலகக் கவுண்டரில் போய்க் கேட்டால் "மகன் வேலை செய்கிறாரே, அதனால் நிறுத்தியாச்சு" என்று வாயால் சொன்னதோடு சரி, கடிதம் எதுவும் கிடையாது. அந்த மகன் ஜொகூரில் இருக்கிறான், காசு அனுப்பி வருஷக்கணக்காகிறது.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் இந்த இலவச ஆலோசனைக்குப் போனோம். முதலில் குறை: லிஃப்ட் இல்லை, முட்டிவலிக்காரர்களுக்கு அந்தப் படிக்கட்டு பெரிய சோதனை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். படிவம் எல்லாம் மலாயில்தான்.

ஆனால் உள்ளே இருந்த இளம் வழக்கறிஞர் தங்கமான பெண். தமிழிலேயே பேசினார். "பாட்டி, பேங்க் புத்தகம் இருக்கா?" என்று வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டே வந்து, காசு கடைசியாக விழுந்த வரியில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். கவுண்டருக்குப் போன தேதி எது, யார் என்ன சொன்னார், அதே வார்த்தையில் சொல்லுங்கள் என்று எழுதிக்கொண்டார். தேதி ஏன் முக்கியம் என்றால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, அதாவது அரசாங்கம் எடுத்த முடிவு முறையானதா என்று கோர்ட் பார்ப்பது, கேட்பதற்கு முடிவு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு, அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

நான் நேராகவே கேட்டேன், 2025-இல் முதியோர் உதவியை 500 வெள்ளியிலிருந்து 600 ஆக்கினார்கள், இன்றைய விலைவாசிக்கு இது எப்படிப் போதும், கோர்ட் கூட்டித்தரச் சொல்லாதா என்று. மழுப்பாமல் "சொல்லாது" என்றார். தொகை எவ்வளவு என்பது அரசாங்கத்தின் வேலை, அதை எப்படி முடிவு செய்தீர்கள், பாதிக்கப்பட்டவரைக் கேட்டீர்களா என்பதுதான் கோர்ட்டின் வேலை என்று விளக்கினார். அமெரிக்காவில் 1970-இல் இரண்டே வார இடைவெளியில் வந்த இரண்டு தீர்ப்புகளை உதாரணம் காட்டினார். நலத்தொகையை வெட்டுமுன் அந்த ஆளை நேரில் விசாரிக்க வேண்டும் என்றது ஒன்று. ஒரு குடும்பத்துக்கு மாதம் 250 டாலருக்கு மேல் இல்லை என்று மேரிலாந்து மாநிலம் வைத்த வரம்பில், எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்றது மற்றொன்று. ஜெர்மனியில் 2010-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனதாம். பெரியவருக்கு மாதம் 345 யூரோ உதவித்தொகை குறைவு என்று அது சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்கு என்னென்ன தேவை என்று பார்க்காமலே பெரியவருக்குக் கொடுப்பதில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள், கணக்கை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அந்த வருஷக் கடைசி வரை தவணை கொடுத்தது. எனக்கு இது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது, ஏனென்றால் பெரியம்மாவுக்கும் அந்தக் கணக்கைத்தான் யாரும் காட்டவில்லை.

உடனே கோர்ட்டுக்கு இழுக்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு கடிதம், இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலகச் சாப் (முத்திரை) வாங்கி வாருங்கள் என்றார். அந்தச் சாப் குத்திய தாளைப் பெரியம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். ஐந்து வாரம் கழித்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரித்தார், அடுத்த மாதம் காசு விழுந்தது. விட்டுப்போன மாதங்களுக்கு இன்னும் பதில் இல்லை, அதற்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் ஐசி (அடையாள அட்டை), பேங்க் புத்தகம், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பத்து மணிக்குத் திறக்கிறார்கள், ஒன்பதரைக்கே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். மூன்று மாதக் கெடு நெருங்கியிருந்தால் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் முன்னால் விடுகிறார்கள்.