மத்திய வீதி வரிப் படிவ சேவை: ஏலத்தில் விற்ற பந்துக்கு மட்டும் கவனம்

திருகோணமலை மத்திய வீதியில் மாடியொன்றில் இயங்கும் இந்தச் சேவையிடம் சம்பளம், வாடகை, நிலையான வைப்பு வட்டி என்றால் நம்பிக் கொடுக்கலாம். வட்டியில் கழித்த முற்பண வரிக்கான சான்றிதழை அவர்களே கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். நவம்பர் 30 வரை இழுத்தடிப்பதில்லை.

சறுக்குவது வழக்கமில்லாத பணத்தில்தான். வீரர் கையெழுத்திட்ட மட்டை, கூட்டத்துக்குள் வீசிய தொப்பி, கனடாவில் இருக்கும் மச்சான் பிடித்துக் கொடுத்த பேஸ்போல் பந்து. (நம்மூர் கிரிக்கெட்டில் சிக்ஸர் பந்தைத் திருப்பி எறிந்தாக வேண்டும், அங்கே பிடித்தவருக்கே சொந்தம்.) இப்படிப்பட்ட பொருளை விற்ற காசை மூலதன ஆதாயம் (சொத்து விற்ற இலாபம்) என்று போட்டுவிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து என்பது காணி, கட்டடம், பங்கு, பிணையம் போன்றவை. பந்துக்கு அதில் இடமில்லை. ‘ஏனைய வருமானம்’ என்ற கட்டமும் பொருந்தாது. தற்செயலாக ஒருமுறை வந்து திரும்ப வராத இலாபத்தை 8ஆம் பிரிவே விலக்கியிருக்கிறது.

அமெரிக்கச் செய்திகளைப் படித்துக் குழம்பியிருக்கலாம். அங்கே கண்டெடுத்த புதையலும் வருமானம். 1998இல் பேஸ்போல் வீரர் மார்க் மெக்வயரின் 62ஆவது ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் போன்ற அடி) பந்தைத் திருப்பிக் கொடுக்கும் ரசிகருக்கு நன்கொடை வரி விழுமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. கடைசியில் வரித் திணைக்களம் இல்லை என்றது. விற்றால் தப்ப முடியாது: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் ஆதாயத்துக்கு 28% வரை. இன்னொரு பேஸ்போல் வீரர் ஓடானியின் 50ஆவது ஹோம் ரன் பந்து 2024இல் 43.92 இலட்சம் டொலருக்குப் போனது.

இங்கே வரி இல்லை என்பதற்காகப் படிவத்தில் காட்டாமல் விடுவது இன்னும் ஆபத்து. சொத்து, பொறுப்புக் கூற்றில் வங்கி இருப்பு திடீரென ஏறியிருந்தால், விளக்கமில்லாத தொகையை மதிப்பீட்டாளர் வருமானமாகவே எடுக்கக்கூடும். ஏலப் பட்டியல், கழித்த தரகு, வங்கி வரவுச் சீட்டு, பொருள் கைக்கு வந்த விதத்தைக் காட்டும் நுழைவுச்சீட்டு அல்லது படம், அன்பளிப்பென்றால் கொடுத்தவரின் கடிதம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுங்கள். மட்டைகளை வாங்கி வாங்கி விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை; அது வியாபாரம், இலாபம் முழுவதும் வரிக்குள் வரும்.

சமர்ப்பிக்கும் முன் வரைவைக் கேட்டால் தருகிறார்கள். வாங்கி, மூலதன ஆதாயக் கட்டத்தில் அந்தக் காசு இல்லை என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.