பழுது பார்க்க ஆளில்லாத ஊருக்கு ஒரு மடிக்கணினி: திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை

மடிக்கணினி மதிப்புரைகள் பெரும்பாலும் வேகத்தையும் திரையின் நிறத்தையும் எடையையும் அளந்து தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. வேலைக்காக வேறொரு நாட்டில் தங்கி, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் எட்டாத ஊரிலிருந்து பணிபுரிபவருக்கு அந்த அளவுகோல்கள் போதா. கணினி கெட்டுப்போனால், அடுத்தவர் உதவியில்லாமல் எவ்வளவு விரைவில் மீண்டும் வேலையைத் தொடங்க முடியும் என்பதே அவருக்கு முதன்மையான கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கும்போது, லெனோவோ 2024 பிப்ரவரியில் அறிவித்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை, இன்று கிடைக்கும் கணினிகளில் மிகவும் பொருத்தமான ஒன்று என்பது என் முடிவு. அதில் குறைகளே இல்லை என்று இதற்குப் பொருளில்லை.

இதன் அடிமூடியைத் திறக்கச் சாதாரண பிலிப்ஸ் திருப்புளி ஒன்றே போதும். உள்ளே ராமுக்கு, அதாவது கணினி இயங்கும்போது பயன்படுத்தும் நினைவகத்துக்கு, இரண்டு செருகிடங்கள் இருக்கின்றன. டிடிஆர்5 வகையில் 64 ஜிபி வரை போடலாம். இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019-இல் வந்த முன்னோடி மாதிரியான டி490 தொடங்கி இந்த வரிசையில் ராமின் ஒரு பகுதியாவது தாய்ப்பலகை எனும் முதன்மை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வந்தது. அந்தப் பகுதியில் பழுது ஏற்பட்டால் பலகையையே மாற்றியாக வேண்டும். இப்போதோ பழுதான ராமைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதமுள்ள ஒன்றைக்கொண்டு அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம். பழுதுபார்ப்புக்கான வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்சிட் நிறுவனம் இந்தக் கணினியின் வடிவமைப்பில் லெனோவோவுடன் சேர்ந்து பணியாற்றி, 10-க்கு 9 என்ற அளவில் மதிப்பெண்ணும் வழங்கியது. வடிவமைப்பில் பங்கேற்றவரே மதிப்பெண்ணும் போடுவது சற்று நெருடலாக இருந்தாலும், மூடியைத் திறந்து பார்த்தவர் அந்த மதிப்பெண்ணோடு சண்டை போட மாட்டார்.

சேமிப்பகமும் அப்படியே. எம்.2 2280 என்ற பொதுவான அளவிலுள்ள எஸ்எஸ்டி என்பதால், கணினிப் பாகங்கள் விற்கும் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்க வாய்ப்புண்டு. தாய்ப்பலகை செத்துப்போனாலும் எஸ்எஸ்டியை எடுத்து ஒரு யூஎஸ்பி உறையில் பொருத்தி, இரவல் கணினியில் கோப்புகளைத் திறந்துவிடலாம். ஆனால் விண்டோஸில் கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி இல்லாமல் எதுவும் திறக்காது. அந்தச் சாவியைக் கெட்டுப்போகக்கூடிய அதே கணினியில் மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை. தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் மேக்புக் ஏரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. 2020-இல் வந்த எம்1 சில்லு கொண்ட மாதிரி முதல் அதில் விசிறியே கிடையாது. சுழலும் பாகம் இல்லாததால் தூசியாலும் தேய்மானத்தாலும் வரும் தொல்லைகள் குறைவு, பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். கெடாமல் ஓடும் வரை அதுவே மேலானது. ஆனால் நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு ஒன்றியிருப்பதால், பலகை போனால் காப்புப் பிரதி எடுக்காத கோப்புகளும் அதனுடன் போய்விடும். அருகில் ஆப்பிள் கடை இருக்கும் நகரில் இருப்பவர் அதை வாங்கலாம். அப்படி இல்லாத ஊருக்குச் செல்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேய்வது பேட்டரிதான். டி14-இல் 39.3 வாட்-அவர், 52.5 வாட்-அவர் என்ற கொள்ளளவுகளில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. தயங்காமல் பெரியதை எடுக்க வேண்டும். லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் மின்னேற்றத்தை 80 சதவீதத்தோடு நிறுத்துமாறு அமைத்துவிட்டால், நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் கணினியின் பேட்டரி மெதுவாகவே மூப்படையும். மாற்றுப் பேட்டரியைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் புறப்படுவது ஆபத்தானது: தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், அஞ்சலும் கூரியரும் அவற்றை ஏற்கத் தயங்குகின்றன. 100 வாட்-அவருக்கு உட்பட்ட உதிரிப் பேட்டரியைப் பயணி தன் கைப்பையில் கொண்டுசெல்லப் பொதுவாக அனுமதி உண்டு. பெட்டியில் போட்டு அனுப்ப அனுமதியில்லை. எனவே நீண்டகாலம் தங்கச் செல்பவர் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பாதி மின்னேற்றத்தில் குளிர்ந்த இடத்தில் வைத்திருப்பதே தக்க வழி. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் உள்ள பேட்டரி முடக்கும் தெரிவைச் செயல்படுத்த வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மின்னேற்றி 65 வாட் யூஎஸ்பி-சி வகை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அது தொலைந்தால் யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொதுவான மின்னேற்றத் தரம் உள்ள வேறு நிறுவன மின்னேற்றியும் வேலை செய்யும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் 3 ஆம்பியர் தாங்கும் சாதாரணக் கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. 5 ஆம்பியர் கேபிள் ஒன்றை உதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி-சி துளைகள்தான் இந்தக் கணினியின் பலவீனமான இடம். இரண்டு துளைகளும் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டவை. கேபிள் மீண்டும் மீண்டும் இடறி இழுபட்டால் அவை தளர்ந்துவிடும். ஒன்று கெட்டாலும் மற்றொன்றால் மின்னேற்றலாம் என்பதால் வேலை நிற்காது, அவ்வளவே.

ஆவணங்களில் லெனோவோவுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஒவ்வொரு பாகத்தையும் எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பாகங்களின் எண்களையும் அந்நிறுவனத்தின் தளத்திலேயே தேடி எடுக்கலாம். கடைக்காரரோடு மொழி ஒத்துவராத நாட்டில், அந்த எண்ணை எழுதி நீட்டினால் போதும். புறப்படுவதற்கு முன்பே கையேட்டைத் தரவிறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி கெட்ட பிறகு அதே கணினியில் அதைப் படிக்க முடியாது. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகளில் கழித்துவிடும் வரிசை இது என்பதால், பழைய பாகங்களும் சந்தையில் புழங்குகின்றன. விளம்பரங்களில் சொல்லப்படாவிட்டாலும், எனக்கு இதுவே இந்த வரிசையின் தலையாய சிறப்பு.

பன்னாட்டு உத்தரவாதத்தை நம்பலாம், ஆனால் முழுவதுமாக அல்ல. நீங்கள் செல்லும் நாட்டில் அதே மாதிரி விற்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே சேவை கிடைக்கும். வீட்டுக்கே வந்து பார்க்கும் உத்தரவாதம், நாடு மாறும்போது அனுப்பி வைத்துக் காத்திருக்கும் சேவையாகச் சுருங்கிவிடவும் கூடும். வாங்கிய ரசீதின் நகல் கையில் இருக்க வேண்டும். மில்-எஸ்டிடி-810எச் என்ற ராணுவத் தரச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது மாதிரிக் கணினிகள் சிலவற்றில் நடத்தப்படும் சோதனை, உங்கள் கணினி கீழே விழுந்தால் யாரும் அதைக் காட்டி ஈடு தரப்போவதில்லை.

குறைகள் என்று பார்த்தால், மலிவான தேர்வில் வரும் திரையின் நிறம் வெளிறித் தெரிகிறது. ஒளிப்படம் திருத்துபவர் மேலான திரையையே தெரிவு செய்ய வேண்டும். கணினியின் மூளையான செயலி தாய்ப்பலகையோடு சேர்ந்தது என்பதால், பலகை போனால் திருப்புளியும் கையேடும் உதவாது. அதற்கு உள்ள ஒரே மாற்று, காப்புப் பிரதியும் அவசரத்துக்கு ஒரு பழைய கணினியும்தான்.

அந்தப் பழைய கணினியாக இதே வரிசையில் வந்த 2018-இன் டி480-ஐப் பரிந்துரைப்பேன். ஒரு பேட்டரி உள்ளேயும் மற்றொன்று வெளியிலிருந்து கழற்றக்கூடியதாகவும் இருப்பதால், கணினியை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். 8-ஆம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டதாக இருந்தால் விண்டோஸ் 11-ஐயும் ஏற்கும். அதற்கு முந்தைய டி470 அந்த வாய்ப்பை இழந்தது. டி480 வாங்குபவர், யூஎஸ்பி-சி துளையைச் செயலிழக்கச் செய்யும் தண்டர்போல்ட் (அந்தத் துளையின் அதிவேக இணைப்பு முறை) பிழைக்கான ஃபர்ம்வேர் (பாகத்தின் உள்மென்பொருள்) திருத்தம் போடப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.